மத்தியதரைக்கடல் சமையல் புத்தகம் வாங்குமுன் ஒரு வெங்காயப் பரீட்சை

எங்கள் வீட்டு அலமாரியில் மத்தியதரைக்கடல் சமையல் புத்தகங்கள் பதினொன்று இருக்கின்றன. நான் சமைப்பது மூன்றிலிருந்துதான். மீதி எட்டும் அட்டையைப் பார்த்து மயங்கி வாங்கியவை. நீலக் கடல், வெள்ளைச் சுவர், மரமேசை, அதன்மேல் பிய்த்துப் போட்ட ரொட்டி. அதில் ஒரு புத்தகம் ஒன்றரைக் கிலோ எடை. அதைப் பார்த்து இதுவரை செய்தது இரண்டே இரண்டு ஐட்டம். அதிலும் ஒன்று வெள்ளரிக்காய் சாலட். இப்போது அந்தப் புத்தகம் வீட்டில் பனீர் செய்யும்போது மேலே வைக்கும் பாரமாக இருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

நீங்கள் இப்படி ஏமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கடையிலோ நூலகத்திலோ ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் பதினைந்து நிமிடத்தில் அது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

படி 1: அட்டையில் இருப்பது ஊரா, டாக்டரா?

மத்தியதரைக்கடலைத் தொட்டுக்கொண்டு இருபதுக்கு மேல் நாடுகள் இருக்கின்றன. ஆலிவ் எண்ணெய், கோதுமை, எலுமிச்சை, பூண்டு என்று சில பொருள்கள் அந்தக் கரை முழுக்கப் பொது. அதைத் தாண்டினால் மொராக்கோவின் அடுப்புக்கும் கிரீஸின் அடுப்புக்கும் உறவு தூரத்து உறவுதான். "நான் மத்தியதரைக்கடல் சமையல் சமைக்கிறேன்" என்று சொல்லும் பாட்டி அங்கே எந்த ஊரிலும் இருக்கமாட்டார். செட்டிநாட்டையும் மலபாரையும் குண்டூரையும் ஒரே அட்டைக்குள் போட்டு 'தென்னிந்தியச் சமையல்' என்று ஒருவர் விற்றால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான்.

இந்தப் பெயர் வெளியிலிருந்து வந்தது. இரண்டு வழியாக வந்தது. ஒன்று, ருசியின் வழி. எலிசபெத் டேவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பிரான்சிலும் கிரீஸிலும் எகிப்திலும் வாழ்ந்துவிட்டு, போர் முடிந்த லண்டனுக்குத் திரும்பி, 1950-ல் 'எ புக் ஆஃப் மெடிட்டரேனியன் ஃபுட்' எழுதினார். அப்போது பிரிட்டனில் ரேஷன் ஓடிக்கொண்டிருந்தது. 1954-ல்தான் முழுதாக நீங்கியது. ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் சின்னப் புட்டியில் கிடைத்த காலம். அந்த நேரத்தில் கத்தரிக்காயையும் பூண்டையும் பற்றி எழுதினால் படிப்பவர் நாக்கு ஊறாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, டாக்டர்களின் வழி. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958-ல் ஏழு நாடுகளில் உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். 1975-ல் மனைவி மார்கரெட்டோடு சேர்ந்து மத்தியதரைக்கடல் பாணியில் சாப்பிடுவது பற்றி ஒரு புத்தகமும் போட்டார். 'மெடிட்டரேனியன் டயட்' என்று இன்று நம் டாக்டர்கள்கூடச் சொல்வதன் தொடக்கம் அங்கேதான்.

இன்றைக்கு விற்கும் புத்தகங்கள் இந்த இரண்டு குடும்பத்தில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவை. கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே கலோரி, கொழுப்பு, நார்ச்சத்து என்று பட்டியல் போட்டு, முன்பக்கத்தில் '28 நாள் திட்டம்' இருந்தால் அது டாக்டர் வீட்டுப் புத்தகம். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: சால்மன், கினோவா, அவகாடோ. சால்மன் அந்தக் கடல் மீனே இல்லை. கினோவா ஆண்டிஸ் மலைக்காரர்களின் தானியம். அவகாடோ மெக்சிகோ பக்கத்துப் பழம். மூன்றும் முதல் இருபது பக்கத்துக்குள் வந்துவிட்டால் புத்தகத்தை எழுதியவர் அந்தக் கரையின் அடுப்பைப் பார்த்து எழுதவில்லை, ஊட்டச்சத்து அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்ட புத்தகம் தப்பு என்று சொல்லவில்லை. சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் கண்டித்திருந்தால் அது உதவும். ஆனால் ருசிக்காகத் தேடுபவர் அதை வாங்கினால் மூன்றாவது வாரம் அலமாரிக்குப் போய்விடும்.

படி 2: ஒரு கரையைப் பிடியுங்கள்

முதல் புத்தகமாக, கடல் முழுவதையும் சுற்றிவரும் புத்தகத்தை வாங்காதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் எட்டுக் குறிப்பு, பத்துக் குறிப்பு என்று இருக்கும். ஒரு நாட்டுக்காக நீங்கள் வாங்கிய பொருள் அடுத்த பக்கத்தில் பயன்படாது. சூமாக் என்ற புளிப்புப் பொடியின் பாக்கெட் பிரித்தபடி ஆறு மாதம் கிடக்கும்.

கிழக்குக் கரை என்றால் லெபனான், சிரியா, பாலஸ்தீனம், துருக்கி, கிரீஸ். தயிர், எள், கொண்டைக்கடலை, பருப்பு, கத்தரிக்காய், புதினா, எலுமிச்சை என்று பெரும்பாலும் நம் கைக்குப் பழகிய பொருள்கள். பயறு வகை ஊறவைத்து வேகவைப்பதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்குக் கரையில் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, எகிப்து. மொராக்கோக்காரர்கள் எலுமிச்சையை உப்பில் ஊறப்போட்டுக் குழம்பில் சேர்ப்பார்கள். நம் உப்பு எலுமிச்சை ஊறுகாயில் மிளகாய்ப்பொடி போடாமல் விட்டால் கிட்டத்தட்ட அதுவேதான். எகிப்தின் கோஷரி ஒரு தட்டில் சோறு, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம், புளிப்பான தக்காளிச் சாறு எல்லாம் சேர்ந்தது. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், சாப்பிட்டால் விடமாட்டீர்கள்.

வடக்குக் கரை, அதாவது இத்தாலி, தென் பிரான்ஸ், ஸ்பெயின், பார்க்க எளிமையானது. மூன்று பொருள், நான்கு பொருள். ஆனால் மூன்றே பொருள் என்றால் மூன்றும் முதல்தரமாக இருக்க வேண்டும். நல்ல ஆலிவ் எண்ணெய், நல்ல சீஸ், நல்ல தக்காளி, மூன்றுக்கும் இங்கே காசு கூடுதல். நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பு ரசத்துக்கு ஏற்றது. பாஸ்தா சாஸில் அது கொஞ்சம் தூக்கலாக நிற்கும். என் கருத்து, முதலில் கிழக்கிலிருந்து தொடங்குங்கள். கை பழகியபின் இத்தாலிக்குப் போகலாம்.

சைவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் நோன்பு. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் கிரேக்கப் புத்தகங்களில் நோன்புச் சமையலுக்கு என்று தனிப் பகுதி இருந்தால் பயப்படாமல் வாங்கலாம், நூற்றாண்டுகளாகப் புழங்கிய சைவம் அது. (இறால், கணவாய் போன்றவை நோன்பில் அனுமதி உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.) இத்தாலியப் புத்தகத்தில் 'சைவம்' என்று குறிபோட்ட பல உணவுகளில் பார்மிஜானோ சீஸ் வரும். அந்தச் சீஸின் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள்; விதியே அப்படி. இதைச் சொல்லி எச்சரிக்கும் புத்தகம் நம்மை மனதில் வைத்து எழுதியது.

படி 3: உங்கள் சமையலறையைக் கணக்கெடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பக்கம் திறந்து பாருங்கள். பத்துக் குறிப்பிலும் இரண்டே கேள்வி: ஓவன் வேண்டுமா? தெருமுனைக் கடையில் கிடைக்காத பொருள் எத்தனை? பத்தில் நான்குக்கு மேல் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டியிருந்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

கிடைக்காத பொருளுக்கு என்ன மாற்று என்று புத்தகம் சொல்கிறதா, சொன்னால் சரியாகச் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். புல்கரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். புல்கர் என்பது கோதுமையை முதலில் வேகவைத்து, உலர்த்தி, பிறகு உடைத்தது. நம் கடையில் கிடைக்கும் உடைத்த கோதுமை பச்சைக் கோதுமையை உடைத்தது. புழுங்கலரிசிக்கும் பச்சரிசிக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி புல்கரை ஊறவைத்து அப்படியே சாலட்டில் போடலாம். நம் கோதுமை ரவையை அப்படிப் போட்டால் பல்லில் மணல் கடிபடும். இதை நான் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பொறி ஆல்ஸ்பைஸ். பெயரைக் கேட்டுக் கரம் மசாலா என்று நினைத்துவிடுவோம். அது கலவை இல்லை, மிளகு போன்ற ஒரே காய். லெபனான், பாலஸ்தீனச் சமையலில் இது இல்லாமல் பல குழம்புகள் இல்லை. கரம் மசாலா போட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். தஹினி என்ற எள் விழுதுக்கு வெள்ளை எள்ளை லேசாக மட்டும் சூடுகாட்டி மிக்ஸியில் அரைத்தால் வீட்டிலேயே ஆகும். எள்ளுப்பொடிக்கு வறுப்பதுபோலச் சிவக்க வறுத்தால் கசக்கும். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். நல்லெண்ணெய் எங்கே போனாலும் தான்தான் முதலில் பேசும்.

குக்கர் பற்றி இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் பேசாது. ஒன்றரை மணி நேரம் கொண்டைக்கடலை வேகட்டும் என்று எழுதியிருந்தால் நீங்கள் பாட்டுக்குக் குக்கரில் வையுங்கள்.

படி 4: அளவு எந்த நாட்டுக்காரருடையது?

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. என் சமையல் கெட்டுப்போனதில் பாதி இங்கே கெட்டதுதான்.

முதலில் புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று உள்பக்கத்தில் பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250. இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டேபிள்ஸ்பூன் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு என்றால் ஒருவர் 45 மில்லி சொல்கிறார், இன்னொருவர் 60 சொல்கிறார். ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுது புளித்துப்போகப் போதுமான இடைவெளி அது.

உப்பு இதைவிட மோசம். பல அமெரிக்கப் புத்தகங்களில் 'கோஷர் உப்பு' என்று வரும். பெரிய, லேசான பரல். நம் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். டயமண்ட் கிரிஸ்டல் என்ற கோஷர் உப்பு அதே டீஸ்பூனில் 3 கிராம் அளவுதான் வரும். இது தெரியாமல் ஒரு வெள்ளை பீன்ஸ் குழம்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்பை அப்படியே போட்டேன். தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசியில் பத்துப் பேருக்கு ஆகும் சூப் ஆனது. சாப்பிட்டது நான்கு பேர். எந்த உப்பு என்று முன்னுரையிலேயே சொல்லும் புத்தகத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். கிராமில் கொடுத்தால் இரண்டு.

ஓவன் சூட்டில் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரியும்: 350 என்றால் நமக்கு 180. உள்ளே மின்விசிறி ஓடும் ஓவனுக்கு 20 டிகிரி குறைக்க வேண்டும். நல்ல பிரிட்டிஷ் புத்தகங்கள் இரண்டு எண்ணையும் கொடுக்கும். வெண்ணெய் ஒரு 'ஸ்டிக்' என்றால் 113 கிராம். ஒரு டின் கொண்டைக்கடலை 400 கிராம் என்று இருக்கும்; தண்ணீரை வடித்தால் 240 கிராம்தான் மிஞ்சும். நம் கணக்கில் 100 கிராமுக்குச் சற்று மேலான உலர் கடலையை ஊறவைத்து வேகவைத்தால் அது வந்துவிடும். டின்னை மட்டும் சொல்லி உலர் கடலைக்கு அளவே சொல்லாத புத்தகம் நமக்குச் செலவு வைக்கும்.

சைவ, அசைவச் சமையலுக்குக் கப் கணக்கு சமாளிக்கலாம். பக்லாவா, ரொட்டி, கேக் என்று போகும் பகுதியில் எடையளவு இல்லையென்றால் அந்தப் பகுதியே இல்லை என்று நினைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

படி 5: வெங்காயப் பரீட்சை

இப்போது முக்கியமான இடம். கிழக்குக் கரைப் புத்தகம் எதுவானாலும் பின்பக்கச் சொல்லடைவில் முஜத்தரா என்ற பெயரைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இதை எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதுவார்கள். கிடைக்கவில்லையென்றால் 'லென்டில்' என்பதன் கீழே பாருங்கள். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே கருஞ்சிவப்பாக வறுத்த வெங்காயம் தூவிய உணவு. மிகப் பழையது, பாக்தாத்தில் 1226-ல் தொகுக்கப்பட்ட ஒரு சமையல் நூலிலேயே இறைச்சி சேர்த்த முஜத்தரா இருக்கிறது. பெயருக்குப் பொருள் அம்மைத் தழும்பு விழுந்தது என்பது. வெள்ளைச் சோற்றில் பருப்பு புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். நம் ஊரிலும் யாராவது கிழவி அப்படித்தான் வைத்திருப்பார்.

ஏன் இந்தப் பதார்த்தம்? அரிசி, பருப்பு, வெங்காயம் மூன்றும் நமக்கு அத்துப்படி. எழுதியவர் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

முதலில் வெங்காயத்துக்கு எவ்வளவு நேரம் சொல்கிறார் என்று பாருங்கள். "மூன்று பெரிய வெங்காயத்தை எட்டு நிமிடம் பொன்னிறமாகும்வரை" என்று இருந்தால் புத்தகத்தை மூடுங்கள். பிரியாணிக்கு வெங்காயம் வறுத்த எவருக்கும் தெரியும், எட்டு நிமிடத்தில் அது கண்ணாடியாகும், அவ்வளவுதான். அரை மணி, முக்கால் மணி என்று சொல்லி, நடுவில் தீயைக் கூட்டிக் குறைக்கச் சொல்பவர் அடுப்பருகே நின்றவர். பலர் நேரத்தைக் குறைத்து எழுதுவதற்குக் காரணம், 'முப்பது நிமிடத்தில் சமைக்கலாம்' என்று தலைப்பில் போட வேண்டும் என்பதுதான்.

அடுத்து, எந்தப் பருப்பு? தோலோடு இருக்கும் பழுப்பு அல்லது பச்சை நிற முழுப் பருப்பு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் கடையில் தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு இதற்கு ஏற்றது. தோல் நீக்கிய ஆரஞ்சுப் பருப்பைப் போட்டால் கரைந்து பொங்கலாகிவிடும். வெறுமனே 'பருப்பு ஒரு கப்' என்று விட்டுவிட்ட புத்தகம் ஃபெயில்.

மூன்றாவது, பருப்பை முதலில் பாதி வேகவைத்துவிட்டு அப்புறம் அரிசி சேர்க்கச் சொல்கிறாரா? இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும் அல்லது மற்றொன்று கடிபடும். கடைசியாக, எதோடு சாப்பிடுவது? தயிரும், எலுமிச்சை பிழிந்த வெள்ளரி சாலட்டும் என்று ஒரு வரி இருந்தால் எழுதியவர் அதை வீட்டில் சாப்பிட்டவர்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபலாஃபலுக்குப் போங்கள். ஊறவைத்த பச்சைக் கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிப்பதுதான் முறை. மசால்வடைக்குக் கடலைப்பருப்பை வேகவைத்தா அரைக்கிறோம்? டின் கடலையில் ஃபலாஃபல் செய்யச் சொல்லி, உருண்டை உடைகிறது என்று மைதா சேர்க்கச் சொல்லும் புத்தகங்கள் ஏராளம். சுட்ட கத்தரிக்காயையும் பாருங்கள்: நெருப்பில் நேரடியாகச் சுடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஓவனை மட்டும் சொன்னால் அந்தப் புகை மணம் வராது. கொத்சுக்குச் சுட்டுப் பழகியவர்களிடம் இந்த ஏமாற்று நடக்காது.

இத்தாலியப் புத்தகம் என்றால் வெறும் தக்காளிச் சாஸ் ஒன்றே போதும். இத்தாலியச் சமையல் எழுத்தாளர் மார்செல்லா ஹசானின் புகழ்பெற்ற சாஸில் தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில். வெங்காயத்தைக் கடைசியில் எடுத்துவிடுவார்கள் (நான் சாப்பிட்டுவிடுவேன்). பதினைந்து பொருள் போட்ட சாஸைவிட இது நன்றாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

படி 6: எழுதியவர் யாரிடம் கற்றார்?

அந்த ஊரில் பிறந்தவர் எழுதினால்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். பாலா வோல்ஃபர்ட் அமெரிக்கர். மொராக்கோவில் வாழ்ந்து, அங்கத்திய பெண்களின் அடுப்படியில் நின்று கற்று, 1973-ல் கூஸ்கூஸ் (கோதுமை ரவையில் உருட்டிய சிறு மணிகள்) பற்றி எழுதிய புத்தகத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். க்ளாடியா ரோடன் கெய்ரோவில் பிறந்த யூதர். 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு எகிப்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள், இனி ஊரைப் பார்ப்போமா என்று தெரியாமல், சமையல் குறிப்புகளை ஒருவரிடம் ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தச் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய 1968 புத்தகம், 'எ புக் ஆஃப் மிடில் ஈஸ்டர்ன் ஃபுட்'. படித்தால் ஒரு பதார்த்தத்துக்கு இந்த ஊரில் இப்படி, அந்த வீட்டில் அப்படி என்று பேசிக்கொண்டே போவார். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்பை நம்பலாம்.

ஹோட்டல் செஃப் எழுதிய புத்தகத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். பொருள் பட்டியலில் "பக்கம் 214-ல் உள்ள மிளகாய் எண்ணெய், பக்கம் 230-ல் உள்ள ஊறவைத்த வெங்காயம்" என்று வருகிறதா? அங்கே அதைச் செய்ய ஆறு பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்.

படி 7: முதலில் இரவல், அப்புறம் பணம்

நூலகத்திலோ நண்பரிடமோ வாங்கி, இரண்டு வாரத்தில் மூன்று குறிப்பு செய்து பாருங்கள். முதல் தடவை எழுதியபடியே செய்யுங்கள். மிளகாய் சேர்க்கக் கை துடிக்கும், சேர்க்காதீர்கள். மின்புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களிலும் ஓரளவு தெரியும், ஆனால் ஈரக் கையோடு திரையைத் தள்ளுவது எனக்கு ஒத்துவரவில்லை. காகிதப் புத்தகம் என்றால் மேஜையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சொல்லடைவில் 'கத்தரிக்காய்' என்று தேடினால் எல்லாக் கத்தரிக்காய் உணவும் ஒரே இடத்தில் வர வேண்டும். மார்க்கெட்டில் இரண்டு கிலோ மலிவாகக் கிடைத்த நாளில் அதன் அருமை தெரியும்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. கதையோடு படிக்கவும் சமைக்கவும் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் ரோடன். இத்தாலி மட்டும் போதுமென்றால் ஹசானின் 'எசென்ஷியல்ஸ் ஆஃப் கிளாசிக் இட்டாலியன் குக்கிங்'. 1992-ல் வந்தது, படங்கள் கிடையாது, கோட்டோவியம்தான், ஆனாலும் பாடம் எடுப்பதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அடுப்படியில் நிற்கப் பிடிக்கும் என்றால், ஜெருசலேமில் ஒருவர் யூதக் குடும்பத்திலும் ஒருவர் பாலஸ்தீனக் குடும்பத்திலும் பிறந்து லண்டனில் கூட்டாளிகளான ஒட்டோலெங்கியும் தமீமியும் எழுதிய 'ஜெருசலேம்' (2012). பொருள் பட்டியல் நீளம், முன்பே சொல்லிவிட்டேன். மூன்றுமே ஆங்கிலப் புத்தகங்கள்.

வாங்கியபின் பென்சிலை அடுப்பருகே வையுங்கள். உங்கள் உப்பு, உங்கள் குக்கர் விசில், உங்கள் ஓவனின் உண்மையான சூடு எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதுங்கள். என் புத்தகத்தில் முஜத்தரா பக்கத்தில் எண்ணெய்க் கறைக்கு நடுவே இப்படி இருக்கிறது: "பெரிய வெங்காயம் 4. 40 நிமிடம். உப்பு பாதி. சின்ன வெங்காயத்தில் முயல வேண்டாம், உரித்தே ராத்திரியாகிவிடும்."